பேட்டரி புதுசு, டைனமோ புதுசு... வண்டி மட்டும் எடுக்காது!

பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு எரிகிறது. வலது இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் பார்க் விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிய கார், உச்சி வெயிலில் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தால் எடுக்க மறுக்கிறது. அரை மணி நேரம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலே கிளம்புகிறது. வண்டி கழுவிய அன்று மட்டும் ஹாரன் தானாக அலறுகிறது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களிடம் இப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. கதையின் பின்பாதியும் அநேகமாக ஒரே மாதிரிதான் போகும். முதலில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றியாயிற்று. பிறகு டைனமோ என்றார்கள், அதுவும் ஆயிற்று. அப்புறம் செல்ஃப் மோட்டார், அதற்குப் பின் ஏதோ ஒரு ரிலே, கடைசியில் ‘போர்டு போயிருக்கும் சார்’ என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வில் வந்து நிற்கும். இத்தனை செலவுக்குப் பிறகும் கோளாறு அப்படியே இருக்கும். ஒருநாள் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் பானெட்டைத் திறந்து, துருவேறிய ஒரு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முறுக்கிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வண்டி சரியாகிவிடும். உரிமையாளருக்கு நிம்மதியைவிட எரிச்சல்தான் அதிகமாக வரும்.

அந்த எரிச்சல் நியாயமானது. பழைய வண்டியின் மின்கோளாறுகளில் பெரும்பங்கு விலை உயர்ந்த பாகங்களுக்குள் இருப்பதில்லை. அந்தப் பாகங்களுக்கு மின்சாரம் போய்த் திரும்புகிற வழியில் இருக்கிறது. ஒரு போல்ட், ஒரு ஜாயின்ட், எப்போதோ யாரோ வெட்டி ஒட்டிய ஒரு ஒயர். அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் தேடும் பொறுமையும் வேண்டும். மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. பொறுமைக்குத்தான் நம் ஊரில் யாரும் கூலி கொடுப்பதில்லை.

திரும்பி வரும் வழி

வீட்டு பல்புக்கு இரண்டு ஒயர் ஓடுகிறது. காரில் பெரும்பாலான விளக்குகளுக்கு பாசிட்டிவ் ஒயர் மட்டும்தான் நெடுந்தூரம் போகிறது. பல்பில் எரிந்த மின்சாரம் வண்டியின் இரும்பு உடல் வழியாகவே பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. ஒயரையும் எடையையும் மிச்சப்படுத்த வந்த இந்த ஏற்பாட்டைத்தான் ஒர்க்‌ஷாப்பில் ‘எர்த்’ என்கிறார்கள். 1960-கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் இது தலைகீழாக, பாசிட்டிவ் முனை உடலோடு சேர்ந்திருந்தது. அந்தக் கார்களில் இருந்த லூகாஸ் நிறுவன மின்சாதனங்களுக்கு ‘இருட்டின் இளவரசர்’ என்று கார் பிரியர்கள் கேலிப் பட்டம் கொடுத்தார்கள். அதே லூகாஸ், டி.வி.எஸ். குழுமத்துடன் கைகோத்து 1961-ல் உருவானதுதான் சென்னைப் பாடியில் இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ். அதன் செல்ஃப் மோட்டார்களும் ஆல்டர்னேட்டர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் சாலைகளில் உழைக்கின்றன. அந்தக் கேலியில் பாதியாவது பாகங்களைவிட இணைப்புகளுக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது, துரு இருக்கக் கூடாது. பழைய வண்டியில் இரண்டுமே இருக்கும். எங்கோ இடித்து டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தவர், எர்த் போல்ட்டின் அடியிலும் சேர்த்தே அடித்திருப்பார். பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ பத்து வருடம் நின்ற வண்டி என்றால் கடல் காற்று மீதி வேலையைச் செய்திருக்கும்.

இப்போது அந்தச் சிமிட்டும் பார்க் விளக்குக்கு வருவோம். காரின் பின்பக்க விளக்குக் கூட்டில் பிரேக், பார்க், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எர்த் ஒயர் வெளியே வருகிறது. அது அறுந்துவிட்டால் இண்டிகேட்டர் பல்புக்குள் போன மின்சாரத்துக்குத் திரும்ப வழியில்லை. ஆனால் பக்கத்திலேயே பார்க் பல்பின் இழை இருக்கிறது. அதற்குள் புகுந்து, பார்க் விளக்குக்கான ஒயரில் எதிர்த்திசையில் ஓடி, வண்டியின் மறுபக்க பார்க் பல்பு வழியாக எர்த்தைப் பிடிக்கிறது. வழியில் உள்ள எல்லா பல்புகளும் மங்கலாக எரிகின்றன. இரவில் பார்க் விளக்கைப் போட்டுவிட்டால் அந்தப் பாதை அடைபடும். மின்சாரம் பிரேக் பல்பு வழியாக வேறொரு பாதையைத் தேடும். ஆகவே பகலில் ஒரு மாதிரி, இரவில் வேறு மாதிரி. உரிமையாளர் இதைச் சொன்னால் கேட்பவர் நம்ப மாட்டார். சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு எரிவது இதன் தம்பி முறை. பல வண்டிகளின் பின்விளக்கில் 21/5 வாட் பல்பு இருக்கும். ஒரே கண்ணாடிக்குள் பிரேக்குக்கு ஒன்று, பார்க்குக்கு ஒன்று என இரண்டு இழைகள். அந்த இடத்தில் ஒற்றை இழை பல்பை யாராவது அழுத்தித் திணித்திருந்தால், அதன் அடியில் இருக்கும் ஈயப் பொட்டு, ஹோல்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்து இணைத்துவிடும். பிரேக்கை மிதித்ததும் பார்க் சர்க்யூட்டுக்கு மின்சாரம் ஏறும். டேஷ்போர்டின் வெளிச்சம் அந்த சர்க்யூட்டில்தான் இருக்கிறது. ஒரு சின்ன பல்பின் வேலை இது. இதற்காக டேஷ்போர்டை முழுவதும் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு.

எர்த் கோளாறுகளில் உண்மையாகவே ஆபத்தானது வேறொன்று. கிளட்ச் பிளேட் மாற்றும்போது கியர்பாக்ஸை இறக்குவார்கள். அதில் பொருத்தியிருக்கும் தடித்த எர்த் கேபிளைக் கழற்றுவார்கள். திரும்ப ஏற்றும்போது அதை முறுக்க மறந்துபோவது நடக்கும். ரப்பர் மவுன்டிங்குகள் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கு இப்போது பேட்டரியோடு முறையான தொடர்பு இல்லை. செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். அது இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற எந்த உலோகத்தையும் விடாது. ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் எல்லாம் எர்த் ஒயர் ஆகிவிடும். மெல்லிய எஃகுக் கம்பி சூடேறி, அதன் உள்ளுறை உருகும். ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம் ஆக்ஸிலரேட்டர் இறுகிக்கொள்கிறது என்பது மட்டும்தான். கேபிளை மாற்றுவார். புதுக் கேபிளும் கொஞ்ச நாளில் அதே கதி. ஆக்ஸிலரேட்டர் அழுத்திய நிலையிலேயே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நெடுஞ்சாலையில் ஓட்டிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கிளட்ச் வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது ‘எர்த் கேபிள் போட்டாச்சாண்ணா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு

‘ஹெட்லைட் நல்லா பளிச்சுனு எரியுது, அப்போ பேட்டரியில குறை இல்லை, செல்ஃப் மோட்டார்தான் போயிருக்கு.’ பல ஒர்க்‌ஷாப்களில் கேட்கிற தீர்ப்பு இது. கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்காது.

60 வாட் ஹெட்லைட் பல்பு சுமார் 5 ஆம்பியர் எடுக்கும். சின்ன பெட்ரோல் இன்ஜினின் செல்ஃப் மோட்டார் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் எடுக்கும். பேட்டரி கிளாம்ப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே ஒரு படிவம், அது ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடையை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் எழுதி வைத்த விதிப்படி, ஆம்பியரைத் தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் வீணாகும் வோல்ட் கிடைக்கும். ஹெட்லைட்டுக்கு வீணாவது 0.05 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃபுக்கு வீணாவது ஒன்றரை வோல்ட் வரை. பேட்டரி நன்றாகவே இருந்தும் மோட்டார் ‘டக்... டக்’ என்று மட்டும் சொல்லும். புது மோட்டார் போட்டாலும் அதையே சொல்லும்.

மீட்டரை வைத்துக்கொண்டு ஏமாறுகிறவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இருபது இழை கொண்ட ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும், சும்மா வைத்துப் பார்த்தால் மீட்டர் 12.6 வோல்ட் காட்டும். தொடர்பைச் சோதிக்கும் ‘பீப்’ ஒலியும் வரும். ஒயர் நலமாக இருக்கிறது என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். சுமை ஏறும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும். பழைய எலக்ட்ரீஷியன்கள் விலை கூடிய மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ஹோல்டரில் 21 வாட் பல்பைச் செருகிய ‘டெஸ்ட் லேம்ப்’போடு திரிவதற்குக் காரணம் இதுதான். பல்பு பிரகாசமாக எரிந்தால் அந்த ஒயர் சுமை தாங்குகிறது, மங்கினால் தாங்கவில்லை. ஏர்பேக், ஈ.சி.யு. ஒயர்களில் மட்டும் அந்த பல்பைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

மீட்டரால் இதைச் சரியாக அளக்கவும் வழி இருக்கிறது. ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே, கிளாம்ப்பைத் தொடாமல் வையுங்கள். மறுமுனையை இன்ஜினின் வெறும் உலோகத்தில் வையுங்கள். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் எங்கோ வோல்ட் வீணாகிறது. அதேபோல பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து நிமிட வேலை. புது பேட்டரியும் புது மோட்டாரும் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டியிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஹெட்லைட் மங்கலும் இதே கணக்குத்தான். ஹாலஜன் பல்பில் 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். பழைய காரில் சுவிட்ச், ஜாயின்ட், எர்த் மூன்றிலும் சேர்த்து ஒரு வோல்ட்டுக்கு மேல் போவது சாதாரணம். உரிமையாளர் என்ன செய்வார்? 100/90 வாட் பல்பு வாங்கிப் போடுவார். 5 ஆம்பியருக்குச் செய்த ஒயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், வோல்ட் மேலும் குறையும். தேவைப்பட்டது ஒரு ரிலேயும் நல்ல எர்த்தும் மட்டும்தான்.

முந்தைய உரிமையாளரின் ரசனை

பழைய வண்டியை வாங்குகிறவர், அதை முன்பு வைத்திருந்த அத்தனை பேரின் ஆசைகளையும் சேர்த்து வாங்குகிறார். சென்னை ஜி.பி. ரோட்டில் போட்ட ஸ்டீரியோ, அதற்கு ஆம்ப்ளிஃபயர், பனிவிளக்கு, ரிமோட் சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் போட்டால் பாட்டுப் பாடும் ஹாரன், நடுவில் எப்போதோ எல்.பி.ஜி. கிட். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஒயரின் தோலைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி எடுத்த மின்சாரத்தில் ஓடியது. சாதனத்தைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். முறுக்கிய இடம் அங்கேயே இருக்கிறது. வெயிலில் டேப்பின் பசை இளகி, டேப் உரிந்து, வெறும் செம்பு காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு இதில் மிகவும் சந்தேகத்துக்குரியவை பாதுகாப்பு அலாரமும் எல்.பி.ஜி. ஒயரிங்கும்தான். அலாரம் இக்னிஷன் அல்லது ஃப்யூயல் பம்ப் ஒயரை வெட்டித் தன் ரிலே வழியாக விடுகிறது. எல்.பி.ஜி. கிட் இன்ஜெக்டர் ஒயர்களை வெட்டி இடையில் நிற்கிறது. பத்து வருடம் கழித்து அந்த ரிலே சோர்ந்துபோனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அணையும். கம்பெனியின் ஒயரிங் வரைபடத்தில் அப்படியொரு ரிலேயே இருக்காது. அதனால் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டர்காரர் தேடித் தேடி ஓய்ந்துபோவார். காரணமில்லாமல் அணையும் பழைய காரில் முதல் வேலை, வரைபடத்தில் இல்லாத ஒயர்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பழைய இணைப்பை ஈயம் வைத்துச் சேர்ப்பதுதான்.

ஃப்யூஸ் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்று நிறத்துக்கே கணக்கு உண்டு. மூடியில் 10 என்று எழுதியிருக்கும் இடத்தில் பச்சை உட்கார்ந்திருந்தால், அங்கே அடிக்கடி ஃப்யூஸ் போயிருக்கிறது, எவரோ பொறுமை இழந்திருக்கிறார். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைத்த ஃப்யூஸும் கிடைக்கும். ஃப்யூஸ் இருப்பது ரேடியோவைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. பெரிய ஃப்யூஸ் போட்ட சர்க்யூட்டில் ஷார்ட் ஆனால் உருகுவது ஒயர். ஓடும் காரில் தீப்பிடித்தது என்று செய்தி வாசிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

எலியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார் அதற்கு நல்ல வீடு. கடித்தது முழுசாக அறுந்தால் கண்டுபிடித்துவிடலாம். தோலை மட்டும் கொறித்துவிட்டுப் போனதுதான் மழைக்காலம் வரை காத்திருந்து வேலை காட்டும்.

இரவில் வடியும் பேட்டரி

இரண்டு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்காது. தினமும் ஓட்டினால் எந்தப் பிரச்சினையும் இல்லை. பேட்டரி கடைக்காரருக்கு இந்த வாடிக்கையாளர் வரம்.

வண்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரம், அலாரம், ஈ.சி.யு.வின் நினைவகம் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளலாம். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அந்தக் கணக்கில் முழுதாக வடிய 700 மணி நேரம், அதாவது 29 நாள் ஆகும். டிக்கியை மூடிய பிறகும் உள்ளே 5 வாட் பல்பு எரிந்துகொண்டே இருந்தால்? 0.42 ஆம்பியர். மூன்றரை நாளில் முழுதும் காலி. பாதி வடிந்தாலே பழைய பேட்டரியால் இன்ஜினைச் சுற்ற முடியாது. அதற்கு இரண்டு நாள் கூட வேண்டாம். டிக்கிக்குள் விளக்கு அணைகிறதா என்று பார்ப்பது லேசு: செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிவிட்டுத் திறந்து பாருங்கள்.

விளக்கு இல்லை என்றால் மீட்டரை நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே, 10 ஆம்பியர் அளவில் வைத்து அளக்க வேண்டும். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். கதவைத் திறந்து மூடினாலே கொஞ்சம் நவீனமான வண்டிகளில் உள்ளிருக்கும் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொண்டு ஆம்பியர் கணக்கில் இழுக்கும். அவை மறுபடி உறங்க அரை மணி நேரம் கூட ஆகும். பொறுக்காமல் உடனே அளந்தவர், இல்லாத கோளாறைத் தேட ஆரம்பிப்பார். மீட்டர் அடங்கிய பிறகும் அதிகம் காட்டினால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எந்த ஃப்யூஸைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ, கோளாறு அந்த வழியில்.

எல்லா ஃப்யூஸையும் பிடுங்கியும் எண் இறங்கவில்லையா? டைனமோவைப் பாருங்கள். ஒர்க்‌ஷாப் இன்னும் டைனமோ என்றே அழைக்கும் ஆல்டர்னேட்டருக்குள், ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்ற ஆறு டயோடுகள் இருக்கின்றன. அவை மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விட வேண்டும். ஒன்று கெட்டு இருதிசையும் விட ஆரம்பித்தால் இரவெல்லாம் பேட்டரி ஆல்டர்னேட்டருக்குள் வடியும். விடியற்காலையில் இன்ஜின் சில்லென்றிருக்கும்போது ஆல்டர்னேட்டரின் முதுகு மட்டும் இளஞ்சூடாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். ஒட்டுமொத்த ஆல்டர்னேட்டரையும் மாற்றத் தேவையில்லை; டயோடு பிளேட்டை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் தமிழ்நாட்டின் எந்த ஊர் பைபாஸ் ஓரத்திலும் இருக்கிறார்கள்.

சார்ஜே ஏறாத வண்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய வகை ஆல்டர்னேட்டர்கள், முதல் சுற்றில் காந்தம் பெறத் தேவையான சிறு மின்சாரத்தை டேஷ்போர்டின் சிவப்பு பேட்டரி விளக்கு வழியாகத்தான் வாங்குகின்றன. அந்த பல்பு ஃப்யூஸ் போனால் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்காமலே இருந்துவிடலாம். எச்சரிக்க வேண்டிய விளக்கே எரியாததால் உரிமையாளருக்கும் எதுவும் தெரியாது. சாவியை ஆன் செய்ததும் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை போதும்.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் அம்பாசிடர் காலத்தோடு போயிருக்க வேண்டும். இன்றும் நடக்கிறது. பேட்டரி இல்லாத கணத்தில் வோல்ட் பல மடங்கு எகிறி ஈ.சி.யு.வைப் பலிவாங்கலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் சரி. அதைப் பார்க்க எதையும் கழற்ற வேண்டியதில்லை. உங்கள் முன்னால் எவரேனும் ஸ்பேனரோடு டெர்மினலை நோக்கிப் போனால் தடுத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் ஆர்க் வெல்டிங் வைக்கும் டிங்கரையும்தான்.

சூட்டில் சாவது, மழையில் உளறுவது

சூடானால் நின்று ஆறினால் எடுக்கும் வண்டிகளில் சந்தேகப் பட்டியல் குறுகியது. இன்ஜினின் சுழற்சியைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சார் உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் கொண்டது. வயதானால் வெப்பத்தில் விரிந்து தொடர்பு அறும். இன்னொன்று, ரிலேக்களின் ஈயப் பற்றில் விழும் மயிரிழை விரிசல். 90-களின் ஹோண்டா கார்களின் மெயின் ரிலே இதற்கு உலகப் புகழ் பெற்றது; வெயிலில் நிறுத்திய கார் கிளம்பாது, கண்ணாடியை இறக்கிக் காற்று விட்டால் கிளம்பும். ரிலேயைத் திறந்து ஈயத்தை மறுபடி உருக்கிவிட்டால் தீர்ந்தது. கதவு பாதி திறந்திருந்தால் மட்டும் பவர் விண்டோ வேலை செய்கிறதா? கதவுக் கீலருகே உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் மடிந்து மடிந்து அறுந்திருக்கிறது.

வெள்ளம் பார்த்த வண்டிகள் வேறு ரகம். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமும், அதே மாதம் தூத்துக்குடியிலும் கார்கள் மூழ்கி நின்றன. அவற்றில் ஒரு பகுதி துடைத்துத் துலக்கி எங்கோ விற்பனைக்கு நின்றுகொண்டிருக்கும். ஒயரின் ஒரு முனை நனைந்தால் போதும்; அகல் திரி எண்ணெயை இழுப்பதுபோல இழைகளுக்கு நடுவே தண்ணீர் தோலுக்குள் ஏறும். வெளியே காய்ந்துவிடும். உள்ளே செம்பு பச்சை பூத்து, மாதங்கள் கழித்துப் பொடியாகும். சாக்கடை கலந்த நீர் என்றால் இன்னும் வேகம். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் லீவர் அருகே தரைமட்டத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட வண்டிக்கு என் தீர்ப்பு ஒன்றுதான்: எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இதில் ஒரு இணைப்பைச் சரி செய்தால் அடுத்தது கிளம்பும்.

கண்டுபிடிக்க, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி அடியைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை, சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும். தரைவிரிப்பின் அடியில் கைவிட்டுத் தொடுங்கள். ஃப்யூஸ் பெட்டியின் மூலையில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். படிப்படியாக ஏறிவந்த நோ க்ளெய்ம் போனஸ் ஒரு வருடம் சட்டென்று பூஜ்யமாகியிருந்தால், அதற்கு முந்தைய வருடம் பெரும்பாலும் க்ளெய்ம் போட்டிருப்பார்கள். எதற்குப் போட்டார்கள் என்று கேட்டுவிட்டு, வெள்ளம் வந்த டிசம்பரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஸ்கேனர் சொல்வது பாதி

பத்துப் பதினைந்து வருட வயதுள்ள கார்கள் பலவற்றில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. போஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட ‘கேன்’ முறை அது. முறுக்கிய இரண்டு ஒயர்களில் ஓடும். இரண்டு கடைசியிலும் 120 ஓம் தடை வைத்திருப்பார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனரைச் செருகும் ஓ.பி.டி. சாக்கெட்டின் 6-வது, 14-வது முனைகளுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கடைசி அறுந்திருக்கிறது. ஸ்கேனர் பக்கம் பக்கமாகப் பிழை எண்களை அள்ளிக் கொட்டும்போது, இந்த ஒரு அளவு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிழை எண் என்பது புகார், தீர்ப்பு அல்ல. ‘ஆக்ஸிஜன் சென்சார்’ என்று ஸ்கேனர் சொன்னால் சென்சார், அதன் ஒயர், அதன் எர்த், அதற்கு வரும் வோல்ட் நான்கில் ஏதோ ஒன்று சரியில்லை என்று அர்த்தம். நான்கில் விலை கூடியது சென்சார், விற்கப்படுவதும் அதுதான். ஏ.பி.எஸ்., ஸ்டீயரிங், ஏர்பேக் விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் மூன்று பாகமும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பேட்டரி வோல்ட்டையும் எர்த்தையும் முதலில் பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்த எலக்ட்ரீஷியன்கள் நம் ஊரில் இல்லாமல் இல்லை. தெரிந்ததைச் செய்ய அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மூன்று மணி நேரம் தேடி ஒரு போல்ட்டைத் தேய்த்தவர் ஆயிரம் ரூபாய் கேட்டால், ‘ஒரு போல்ட்டு முறுக்கினதுக்கா?’ என்று சண்டைக்கு நிற்கிறோம். அதே ஆள் பத்து நிமிடத்தில் ஆல்டர்னேட்டரை மாற்றிப் பல மடங்கு பில் கொடுத்தால், கையில் பழைய பாகம் ஒன்று இருப்பதால் மனம் ஆறிப்போகிறது. அவருக்கும் அதில் கமிஷன் கிடைக்கிறது. பாகம் விற்றால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையில் நாமே அவரை நிறுத்தியிருக்கிறோம். மெக்கானிக்கை மட்டும் திட்டுவது பாதி நியாயம்.

ஆகவே அடுத்த முறை வண்டியை விடும்போது, கோளாறு எப்போது வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: சூடாகவா, குளிர்ந்தா, மழையிலா, விளக்கு போட்டாலா, கதவு திறந்தாலா என்று. கடைசியாக என்ன வேலை பார்த்தது, எந்த ஆக்ஸசரியை எடுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பாகத்தையும் மாற்றும் முன் மீட்டரில் என்ன காட்டியது என்று கேளுங்கள். தேடுகிற நேரத்துக்குத் தனியாகக் கூலி தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்னபடி கொடுத்துவிடுங்கள், கண்டுபிடித்தது ஒரு துருப்பிடித்த போல்ட்டாகவே இருந்தாலும்.